கடைசிக் கூடாரத்து விருந்தாளி

மலைக்கு மேல் மலை ஏறி, தேயிலை முடிந்து யூகலிப்டஸ் தொடங்கி, யூகலிப்டஸும் அலுத்துப்போய்ப் புல்வெளிக்கு இடம்விட்டு ஒதுங்கிக்கொள்ளும் உயரத்தில் வெள்ளிமட்டம் என்று ஓர் அணை இருந்தது. அணை என்று இருந்தால் அதன் பக்கத்தில் பூங்கா என்று ஒன்று இருந்தாக வேண்டும் என யாரோ ஒரு பெரிய அதிகாரி எப்போதோ முடிவு செய்துவிட்டபடியால் பூங்காவும் இருந்தது. பூங்காவில் பாதி மாதம் பூ இருந்தது, மீதி மாதம் பனி இருந்தது, எல்லா மாதமும் சமவெளியிலிருந்து கார் ஏறி வந்த ஜனங்கள் இருந்தார்கள். அவர்கள் ஓர் இரவு தங்கிப் பல் கிடுகிடுத்துப் போவதற்காகத் தண்ணீரின் ஓரமாக நீலமும் ஆரஞ்சுமாகக் கூடாரங்கள் வரிசையாக நின்றன. அந்தக் கூடாரங்களுக்கெல்லாம் பொறுப்பு மருதாயி.

பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாமும்தான். காலையில் மெத்தையை உதற வேண்டும், கம்பளியை வெயில் கண்ட இடத்தில் காயப்போட வேண்டும், வாளியில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் எல்லாக் கூடாரத்து ஜிப்பையும் இழுத்து மூட வேண்டும். மூடாவிட்டால் குரங்குகள் உள்ளே புகுந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, தின்ற இடத்திலேயே படுத்தும் விடும். வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள், நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடினார்கள், விடிந்ததும் தூக்கம் கலையாத கண்ணோடு காரில் ஏறிப் போனார்கள். இரண்டாவது இரவு தங்கியவர் என்று அவள் வேலைக்கு வந்த நாள்முதல் ஒருவரும் இல்லை, குளிர் அப்படி. மருதாயிக்கும், அணையில் நீர்மட்டம் பார்க்கிற அவள் புருஷன் ஆவுடையப்பனுக்கும் பிள்ளை கிடையாது. அந்த வருத்தத்தை அவர்கள் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்து வெகுகாலமாகியிருந்தது.

அந்த மலையில் மத்தியானம் ஆனால் மேகம் இறங்கி நடமாடும். ரோட்டில் நடக்கும், பஸ்ஸுக்குள் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கும், வீடு திறந்திருந்தால் வீட்டுக்குள்ளும் வரும். வந்தால் யாரும் விரட்டுவதில்லை. பின்கதவையும் திறந்துவிட்டுத் தங்கள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். அது அடுப்படியை ஒரு பார்வை பார்த்து, கொடியில் காய்ந்த துணியை மறுபடி ஈரமாக்கிவிட்டு, பின்வாசல் வழியே போய்விடும். உள்ளே வந்த மேகத்தை அடைத்துவைக்கக் கூடாது என்பது அங்கே அணை வேலைக்காரர்களின் காலனியில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். மருதாயிக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பல்வலி.

கன்னம் பன்னு மாதிரி வீங்கி, ஒரு கை கன்னத்திலும் ஒரு கை ஜிப்பிலுமாக, வாயில் கிராம்பை அதக்கிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் ஒவ்வொரு கூடாரமாக மூடிக்கொண்டு போனவள், ஆள் வராத கடைசிக் கூடாரத்தையும் அப்படியே மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை திறந்தபோது மெத்தையின்மேல், ஓரமாக, கம்பளியைப் பாதி போர்த்திக்கொண்டு ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. சின்ன மேகம்தான், ஓர் ஆடு படுத்திருக்கும் அளவு. மருதாயி பின்பக்க ஜன்னலையும் திறந்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றாள். அது வாசல்வரை வந்து, தண்ணீரில் கிடந்த வெயிலைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, திரும்பிப் போய் மெத்தையில் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, கடைசிக் கூடாரத்துல ஒரு மேகம் தங்கிருச்சு."

"மெத்தை நனைஞ்சிருச்சா?"

"நல்லா."

"சரி, வெயிலு வந்தா காயப்போடு" என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் நீர்மட்டம் பார்க்கப் போனார். வெள்ளிமட்டத்தில் இந்த விஷயத்துக்கு ஏற்பட்ட ஆச்சரியம் மொத்தமும் அவ்வளவுதான்.

சிரமப்பட்டவர் உதவிப் பொறியாளர் மோகனசுந்தரம் ஒருவர்தான். நல்ல மனுஷர், எதுவும் யாருடைய பொறுப்பு என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குவார், தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது. தண்ணீராக இருந்தால் அது மின்வாரியத்துடையது, ஆனால் இது இன்னும் தண்ணீராகவில்லை. வனக்காவலரைக் கூப்பிட்டுக் காட்டினார். வனக்காவலர் கூடாரத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இதற்குக் குளம்பும் இல்லை, கொம்பும் இல்லை, எங்கள் கணக்கில் வராது சார் என்று கைகழுவிவிட்டுப் போனார். கடைசியில் மோகனசுந்தரம், மேகம் தங்கக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை என்று கண்டுபிடித்து, யாராவது கேட்டால் அந்தக் கூடாரத்தில் ஆள் இருக்கிறது என்று சொல்லும்படி மருதாயியிடம் சொல்லிவிட்டு, அன்று இரவு ரசஞ்சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆக, அது விருந்தாளி ஆனது. விருந்தாளி என்று ஆகிவிட்டால் அந்தக் காலனியில் அதன்பிறகு பேச்சே இல்லை. அங்கிருந்தவர்கள் எல்லோருமே வேறு எங்கெங்கிருந்தோ வேலைக்கென்று மலையேறி வந்தவர்கள். தங்களை நோக்கி யாராவது ஒருவர் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்துவிட்டால், எப்போது கிளம்புகிறீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்பது கொலைக் குற்றத்துக்குச் சமம். பூங்கா வாசலில் டீக்கடை வைத்திருக்கிற சூசையப்பனின் கல்யாணத்துக்கு வந்த பெண்வீட்டு மாமா ஒருவர், மொய் எழுதின கையோடு அங்கேயே தங்கி, சூசையப்பனின் மூத்த மகள் கல்யாணத்திலும் மொய் எழுதிவிட்டுத்தான் கண்ணை மூடினார். நடுவில் ஒருநாள்கூட யாரும் அவரை அந்தக் கேள்வி கேட்கவில்லை. சூசையப்பன் மட்டும் சில சாயங்காலங்களில் தனியாகப் போய்ப் பாறையில் உட்கார்ந்துவிட்டு வருவார்.

விருந்தாளிக்கு என்ன கொடுப்பது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. வெந்நீர் அண்டாவின் மூடியை மருதாயி திறந்த ஒரு காலையில் அது தானே மெத்தையை விட்டு எழுந்துவந்து, அண்டாவின்மேல் குனிந்து, ஆவியை நிதானமாகக் குடித்தது. அதன்பிறகு வீட்டுக்கு வீடு ஆவி போயிற்று. இட்லிக் குண்டானை மூடியோடு தூக்கிவந்து கூடாரத்து வாசலில் திறந்தார்கள். புட்டுக் குழலைக் கொண்டுவந்தார்கள். சூசையப்பன் பாய்லரை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். எல்லாவற்றிலும் அதற்குப் பிடித்தது மிளகு ரசத்தின் ஆவிதான். ரசம் குடித்த நாட்களில் கூடாரத்துக்குள் விழுந்த தூறல் மிளகும் பூண்டுமாக மணத்தது. சளி பிடித்தவர்கள் கையில் தம்ளரோடு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், தம்ளர் நிறையும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தார்கள். அந்த வருஷம் காலனியில் ஒருவருக்கும் இருமல் நெஞ்சில் தங்கவில்லை.

சமவெளிக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். பக்கத்துக் கூடாரத்தில் தங்கிய புதுமணத் தம்பதி, கடைசிக் கூடாரத்தில் இருப்பவர் ரொம்ப அமைதியானவர் என்று மருதாயியிடம் பாராட்டிச் சொன்னார்கள். பெரிய ஸ்பீக்கரோடு வந்து இறங்கிய ஒரு கூட்டம் மலையே அதிரப் பாட்டுப் போட்டபோது மட்டும், விருந்தாளி உள்ளேயிருந்து ஒரே ஒரு தடவை உறுமியது; இடி என்று சொல்ல முடியாது, செருமல் என்று சொல்லலாம். அவர்கள் ஸ்பீக்கரைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாயங்காலம் முழுக்கச் சீட்டு விளையாடினார்கள்.

மருதாயி சருகு கூட்டப் போனால் அது முழங்கால் உயரத்தில் கூடவே வந்தது. அது வந்த வழியெல்லாம் தரை ஈரமாகிவிடும், தூசி எழும்பாது, தனியாகத் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை. பூங்கா நாய் முதலில் குரைத்தது, பிறகு பயந்தது, பிறகு அதற்குள்ளேயே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது, வால் மட்டும் வெளியே தெரியும். மருதாயி அதனோடு பேசினாள். பல் பிடுங்கின கதை, மேஸ்திரி ஏசின கதை, ஆவுடையப்பன் பெண்பார்க்க வந்தபோது மழையில் வழுக்கி விழுந்த கதை, எல்லாம் சொன்னாள். மழை வருகிற இடத்தில் அது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். காலையில் கூடாரத்தைத் திறக்கப் போகும்போது அவள் எட்டி நடை போட்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் தென்மேற்குக் காற்று வந்தது. காற்று வந்ததும் மேகங்கள் வந்தன, வழக்கம்போலக் கறுத்து, கனத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. வந்தவை எதிர்க்கரை மலைமுகட்டில் ஏறியதும் நின்றுவிட்டன. மறுநாளும் நின்றன, அதற்கடுத்த வாரமும் நின்றன. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றோடு சேர்ந்து நின்றனவே தவிர ஒன்றுகூட முகட்டைத் தாண்டி இறங்கவில்லை. மத்தியானத்தில் ரோட்டில் நடமாடுகிற சில்லறை மேகங்கள்கூட வருவதை நிறுத்திவிட்டன. காலனியில் துணி காய்ந்தது. அப்படிக் காய்ந்ததைப் பார்த்துப் பழக்கமில்லாத பெண்கள், மொடமொடவென்றிருந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

அணையில் தண்ணீர் இறங்கியது. கரையைச் சுற்றிச் செம்மண் ஓரம் ஒன்று தோன்றி நாளுக்கு நாள் அகலமானது. பூங்காப் படகு சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சுவரில் எழுதியிருக்கிற அளவுகோலைத் தினமும் படிக்கட்டில் இறங்கிப் பார்த்து ஆபீசுக்குப் போனில் சொல்வது ஆவுடையப்பனின் வேலை. தினமும் ஒரு படி கூடுதலாக இறங்க வேண்டியிருந்தது. ஆபீசுக்குச் சொன்னார், வீட்டில் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சாயங்காலம் முகட்டில் நிற்கிற பெரிய மேகங்கள் தாழ்ந்த குரலில் ஒரு தடவை உறுமும். கொஞ்ச நேரம் கழித்து, கடைசிக் கூடாரத்துக்குள்ளிருந்து சின்னக் குரலில் ஓர் உறுமல் பதில் போகும். மறுபடி அங்கே, மறுபடி இங்கே. இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, காலனி முழுக்கக் கேட்டது. தங்கள் பிள்ளையை விட்டுவிட்டு எந்தக் கூட்டம்தான் மேலே நடக்கும்? மருதாயிக்கும் கேட்கத்தான் செய்தது. அவள் அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள், அதுவும் அலுமினியப் பாத்திரமாகப் பார்த்து.

அவளிடம் யார் சொல்வது? விருந்தாளியை எப்போது கிளம்புகிறாய் என்று கேட்கக் கூடாது. விருந்தாளி வைத்திருப்பவளிடம் எப்போது அனுப்புகிறாய் என்று கேட்பதும் அதே குற்றம்தான். ஆகவே சுற்றி வளைத்தார்கள். மருதாயி காதில் விழுகிற மாதிரி, அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போன பெண்களைப் பற்றியும், பிரயாணத்துக்கு ஏற்ற நல்ல சீசன் இது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். யாரோ எலுமிச்சை சாதம் கிண்டி வாழையிலையில் கட்டி, வழிக்கு ஆகும் என்று கூடாரத்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். இன்னொருத்தி தேங்காயும் புதுத் துண்டும் வைத்தாள். விருந்தாளி எல்லாவற்றையும் அன்பாக நனைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. சாதத்தை நாய் தின்றது.

காலனிக் குழாயில் தண்ணீர் நின்றது. கீழே மின்நிலையத்தில் ஒரு மெஷினை நிறுத்தினார்கள், பிறகு இன்னொன்றை. நீர்மட்டம் இன்னும் கொஞ்சம் இறங்கினால் பூங்காவை மூடிவிட்டு, காண்டிராக்ட் ஆட்கள் எல்லோரையும் கீழே அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. காண்டிராக்ட் ஆட்கள் என்றால் காலனியில் பாதிப்பேர். அவர்களுக்குக் கீழே வீடும் இல்லை, வேலையும் இல்லை. மோகனசுந்தரம் இதை மருதாயியிடம் நேராகச் சொல்ல முடியாமல், அவள் பக்கத்தில் இருந்த குரோட்டன்ஸ் செடியிடம் முழுவதும் விளக்கிச் சொல்லிவிட்டுப் போனார். மருதாயி கூட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று கூட்டின இடத்தையே மூன்று தடவை கூட்டினாள்.

மறுநாள் மத்தியானம் ஆவுடையப்பனுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அணைச்சுவரின் படிக்கட்டில் இறங்கிப் போனாள். அவர் முன்பெல்லாம் மீன் நீந்திக்கொண்டிருந்த ஒரு படியில் உட்கார்ந்திருந்தார். அங்கேயே சாப்பிட்டு முடித்தார்.

"மருதாயி, மொகட்டுல நிக்கிறது ஏன் எறங்க மாட்டேங்குதுன்னு உனக்குத் தெரியும்ல" என்றார் கை கழுவிக்கொண்டே.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதோ அப்ப இருந்து." அவள் தூக்கை அடுக்கினாள். "நான்தான அடைச்சேன். பல்லு வலிச்சா என்ன, ஒரு பார்வை பாத்திருக்கணும். ஆனா அடுத்த நாள் தொறந்துதான விட்டேன்? அது போகலீங்க. நம்மகிட்ட வந்து, இருன்னு சொல்லாமயே இருந்தது அது ஒண்ணுதான். இத்தனை வருசத்துல வேற யாரு இருந்திருக்கா, சொல்லுங்க."

ஆவுடையப்பன் சுவரிலிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தவர்தான். யாரும் பார்க்காதபோது அதற்குள் கைவிட்டுக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டவர்தான்.

"அதையும் தேடுறாங்க, புள்ள" என்றார். "தெனமும் வந்து நின்னு கூப்பிடுறாங்க."

மருதாயி அழுதாள். சத்தமில்லாமல், தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னாள்.

விருந்தாளியைப் போகச் சொல்லத்தான் கூடாது, வழியனுப்பலாம். வழியனுப்புவதென்றால் வாசலோடு நிற்பதில்லை, கூடவே பாதி தூரம் நடந்துபோய் விடுவதுதான் அங்கே வழக்கம். அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. சிக்கலைக் கிளப்பியவர் சூசையப்பன். சனிக்கிழமை டீக்கடையில் எல்லோரும் கூடியிருந்தபோது, எல்லாம் சரி, அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புவது என்று அவர் கேட்டார். போயிட்டு வா என்றுதான், வேறென்ன என்றார்கள். அங்கேதான் வினை என்றார் சூசையப்பன். அது சொன்ன பேச்சுக் கேட்கிற மேகம். போயிட்டு வா என்றால் போய்விட்டு வந்துவிடும். வந்து மெத்தையில் உட்கார்ந்தால் மறுபடி முகட்டில் கூட்டம் நிற்கும், மறுபடி குழாய் நிற்கும், மறுபடி மெஷின் நிற்கும். ஆகவே போ என்று மட்டும் சொல்ல வேண்டும், ஒற்றைச் சொல், வாலும் இல்லை தலையும் இல்லை.

கடையில் யாரும் டீயைக் குடிக்கவில்லை. வாசல் தாண்டிப் போகிற உயிருள்ள எதையும் பார்த்து அந்தச் சொல்லை வெறுமனே சொல்லி அவர்களுக்குப் பழக்கமில்லை. நாயைத்தான் அப்படிச் சொல்வார்கள், அதுவும் நாய் செருப்பைக் கடித்தால். ஆனால் சூசையப்பன் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. மோகனசுந்தரம், தர்க்கப்படி அது சரிதான் என்று கஷ்டத்தோடு ஒத்துக்கொண்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மருதாயியைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

"சொல்றேன்" என்றாள் மருதாயி. "நான்தான அடைச்சேன், நானே சொல்றேன்."

வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்துச் சொன்னாள், துடைப்பத்தைப் பார்த்துச் சொன்னாள், நாயைப் பார்த்தும் ஒருமுறை சொன்னாள். நாய் அன்றைக்குச் சோற்றுக்கு வரவில்லை. அவளே தேடிக்கொண்டு போய், படகுக்கு அடியில் படுத்திருந்ததைக் கெஞ்சிக் கூட்டிவந்து சாப்பிடவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கூடாரத்து வாசலில் நின்று, வா, ஒரு எட்டு போய் வரலாம் என்று கூப்பிட்டாள். அது வந்தது. இதற்குள் அது வளர்ந்து மினி பஸ் அளவுக்கு ஆகியிருந்தது, வாசலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வர முடிந்தது. அணைச்சுவரைத் தாண்டி, செம்மண் ஓரத்தைத் தாண்டி, புல்மேட்டில் ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் மருதாயி முன்னால் போக, அவள் தோளை ஒட்டிக்கொண்டு அது போக, பின்னால் குடையோடு ஆவுடையப்பன் போக, அவருக்குப் பின்னால் காலனி முழுக்கப் போயிற்று. குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு மோகனசுந்தரம் போனார். பாய்லரை அணைத்துவிட்டுச் சூசையப்பன் போனார். சோலைக்காட்டுக்குள் பாதை ஒடுங்கிய இடத்தில் அது மரங்களுக்கு நடுவே பிரிந்து பிரிந்து வந்து, வெளியே வந்ததும் மறுபடி ஒன்றாகி, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தது.

முகட்டில் அவை நின்றுகொண்டிருந்தன. அவ்வளவு பக்கத்தில் அவற்றை யாரும் பார்த்ததில்லை. நெடுக, கறுப்பாக, மூச்சுவிட்டுக்கொண்டு. இவர்களைக் கண்டதும் கூட்டத்தின் நடுவில் மெல்ல ஓர் இடம் விலகியது. சின்னது ஓர் அடி முன்னே போய், நின்று, திரும்பி மருதாயியைப் பார்த்தது.

"போ" என்றாள் மருதாயி.

அது அசையவில்லை.

"போன்னா போ." இரண்டாவது தடவை குரல் உடைந்துவிட்டது. அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நின்ற இடத்திலேயே குறுகியது, குறுகிக் குறுகி ஒரு கைக்குழந்தை அளவுக்கு ஆகிவிட்டது, ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. மருதாயி கையைப் புடவைக்குள் முறுக்கி வைத்துக்கொண்டாள், நீட்டிவிடக் கூடாதே என்று.

அப்போது பின்னாலிருந்து சூசையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மூக்கு சிவந்து, கண்ணெல்லாம் தண்ணீராக இருந்தது.

"என்னக்கா நீங்க, இப்படியா ஒரு விருந்தாளிய அனுப்புவாங்க" என்று அவளிடம் சண்டைக்கு வந்தார், அதைச் சொல்லும்படி சொன்னவர் தாமில்லை என்பது போல. பிறகு மேகத்தைப் பார்த்துக் குனிந்து, "போயிட்டு வா சாமி. போயிட்டு வா" என்றார்.

அவ்வளவுதான், அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. போயிட்டு வா, பத்திரமாப் போயிட்டு வா, போய்ச் சேர்ந்து சேதி சொல்லு என்று முகடு முழுக்கக் குரல் எழுந்தது. மோகனசுந்தரம் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எந்த விதியையும் யோசிக்காமல், "போயிட்டு வாங்க" என்றார். ஆவுடையப்பன் சொன்னார். எல்லோரும் சொல்லி ஓய்ந்த பிறகு மருதாயி புடவைக்குள்ளிருந்து கையை எடுத்து, அதன் நெற்றி இருக்கக்கூடிய இடத்தில் வைத்து, மெதுவாகச் சொன்னாள். "போயிட்டு வா, கண்ணு."

அது வளர்ந்தது. வளர்ந்து, வெளுத்து, அந்த இடைவெளிக்குள் போனது, இடைவெளி மூடிக்கொண்டது. பெரிய மேகங்கள் ஒன்றோடொன்று என்னவோ பேசிக்கொண்டன. பிறகு மொத்தமாக முகட்டைத் தாண்டி, நின்றிருந்தவர்கள் தலைக்கு மேலேயே அணைப்பக்கம் இறங்கத் தொடங்கின, இறங்கும்போதே பெய்தன.

எத்தனையோ நாள் தேக்கி வைத்திருந்த மழை. காலனி ஜனம் சிரித்துக்கொண்டும் வழுக்கி விழுந்துகொண்டும் பாதையில் ஓடியது. மோகனசுந்தரம் குல்லாயைப் போட மறந்து ஓடினார். சூசையப்பன் இளைய மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். போயிட்டு வா என்று சொல்லியாகிவிட்டது, இனி வருஷா வருஷம் அது வந்து தங்கும், முகட்டில் கூட்டம் இறங்காமல் நிற்கும், வருஷா வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இந்த மலையை ஏறியாக வேண்டும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மருதாயி மட்டும் இறங்கவில்லை. புல்லில் உட்கார்ந்து, அண்ணாந்து, போகிற ஒவ்வொரு மேகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைப் போலவே இன்னொன்று இருந்தது. ஆவுடையப்பன் குடையை அவள் தலைக்கு மேலே பிடித்தார். அவள் அதை ஒதுக்கினாள்.

"நம்மளது எதுன்னு தெரியலீங்க" என்றாள். "எல்லாத்துலயும் நனைஞ்சா அதுலயும் நனைஞ்சிருவேன்ல."

ஆவுடையப்பன் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.